தலைவர்களின் பழைய வாழ்க்கையை எதிர்க்கட்சிகூட ஏன் தோண்டுவதில்லை?

பயம் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் வேறு: அடுத்தவர் பரணைக் கிளறினால், நாளைக்குத் தன் வீட்டுப் பரணையும் திறந்து காட்ட வேண்டிவரும்.

ஆஸ்திரியாவின் குர்ட் வால்ட்ஹைமைப் பாருங்கள். 1972 முதல் 1981 வரை ஐ.நா. பொதுச்செயலாளர். இரண்டாம் உலகப் போரில், 1941-ல் காயம்பட்டதும் போர்முனையை விட்டு வந்து சட்டம் படித்தேன் என்பதே அவர் சொல்லிவந்த கதை. உண்மையில் 1942-லிருந்து தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் ஹிட்லரின் ஜெர்மன் ராணுவ அதிகாரியாக இருந்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அவர் பெயரிலான கோப்பு 1948 முதலே போர்க்குற்ற ஆவணங்களில் கிடந்தது. அந்த ஆவணங்கள் இருந்ததோ ஐ.நா.வின் பொறுப்பில்!

1986-ல் ஆஸ்திரிய அதிபர் தேர்தலில் நின்றபோதுதான் விஷயம் வெடித்தது. சரி, தோற்றாரா? சுமார் 54 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார். லட்சக்கணக்கான ஆஸ்திரியர்களைப் போல நானும் கடமையைத்தான் செய்தேன் என்றார். அவரைக் குடைந்தால் அந்தத் தலைமுறை முழுவதையும் குடைய வேண்டுமே, எந்தக் கட்சி துணியும்?

அப்புறம் 1988-ல் சர்வதேச வரலாற்றாசிரியர் குழு, அவர் நேரடியாகக் குற்றம் செய்ததற்கு ஆதாரமில்லை, ஆனால் ஜெர்மன் படைகள் அங்கே செய்த அட்டூழியங்கள் அவருக்குத் தெரிந்தே இருந்தன என்றது. 1992-ல் பதவிக்காலம் முடியும்வரை அவர் விலகவில்லை.