விறகடுப்புப் புகையும் மார்கழி இருமலும்

கேள்வி: எனக்கு 61 வயது. கானாடுகாத்தான் அருகே ஒரு கிராமத்தில், முப்பது ஆண்டுகளாக விறகடுப்பில் தேன்குழலும் மனகோலமும் சுட்டு விற்கிறேன். இரண்டு ஆண்டுகளாக மார்கழி பிறந்தால் விடியற்காலையில் இருமலும் இளைப்பும் வருகின்றன. எனக்குப் புகைப்பழக்கம் இல்லை. ஊரில் ஆலைகளும் இல்லை. பருவநிலை மாற்றம்தான் காரணம் என்கிறான் என் மகன். சரியா?

பதில்: ஆச்சி, உங்கள் மகன் நினைப்பதைவிடக் காரணம் மிக அருகில், உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது என்று கருதுகிறேன். காற்று மாசு என்றால் நகரத்துச் சங்கதி என்றே நாம் பழகிவிட்டோம். விறகுப் புகையில், 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த, அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள்கள் நிறைந்திருக்கின்றன. அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கிவிடுகின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள்கள் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. இந்தியத் தர அளவு 60. புகை வெளியேற வழியில்லாத சமையற்கட்டில், அடுப்பு எரியும் நேரத்தில் இது பல நூறாக உயர்வது சாதாரணம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் திறந்த முற்றம் புகையை மேலே இழுத்துக்கொண்டது. இப்போது மழைக்கும் குரங்குக்கும் பயந்து பலர் முற்றத்தின் மேல் தகடு போட்டு அடைத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியிருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

மார்கழியில் ஏன் கூடுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. அக்காலத்து விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், மேலடுக்கு மூடி போல அமைந்து, அடுப்புப் புகை, குப்பை எரிக்கும் புகை, சீமைக்கருவேல மரத்தைக் கரியாக்கும் மூட்டத்தின் புகை என அனைத்தையும் ஊர்மட்டத்திலேயே தேக்கிவிடுகிறது. குளிர்ந்த காற்றே மூச்சுக்குழாயைச் சுருக்கக் கூடியது என்பதும் இதோடு சேர்கிறது.

பருவநிலைக்கு வருகிறேன். வெயில் ஏற ஏற, வாகனப் புகையின் வாயுக்களிலிருந்து தரைமட்ட ஓசோன் உருவாவது அதிகரிக்கும். அது ஆஸ்துமாவைத் தூண்டும். ஆனால் அது பெரும்பாலும் கோடைப் பிற்பகலின் தொல்லை. மார்கழி விடியலுக்கு அது பொருந்தாது. தொடர்பு மறுதிசையில்தான், அதாவது புகை பருவநிலையைப் பாதிப்பதில்தான், வலுவாக உள்ளது. தமிழ்நாட்டில் பிறந்த அறிவியலர் வீரபத்ரன் ராமநாதன் முன்னின்று நடத்திய, 1999இல் இந்தியப் பெருங்கடல் மீது பரவியிருந்த பழுப்பு மூட்டத்தை அளந்த ஆய்வு, அதில் கரும்புகைத் துகள்களுக்கு இருந்த பங்கை வெளிக்கொணர்ந்தது. அவை சூரிய ஒளியை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகின்றன. கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். கரும்புகையோ சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களில் காற்றைவிட்டு நீங்கும். ஆகவே அதைக் குறைத்தால் வானத்துக்கும் உங்கள் மார்புக்கும் பலன் விரைவாகக் கிடைக்கும்.

புகைபிடிக்காத பெண்களுக்கும் நெடுங்கால விறகுப் புகையால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. அதையும் ஆஸ்துமாவையும் பிரித்தறிய, குழாயில் மூச்சை ஊதிக் காட்டும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை அவசியம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் தயங்காதீர்கள்; அது பழக்கமாகிவிடும் என்பது தவறான அச்சம். உதடு நீலம் பாய்ந்தாலோ, பேசவே மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விறகடுப்புப் பலகாரத்தின் மணத்தை நானும் அறிவேன். எரிவாயுவுக்கு மாறினால் செலவு கூடும் என்பதையும் அறிவேன். இருப்பினும் மாறிவிடுங்கள் என்றே சொல்வேன். அதுவரை, நன்கு காய்ந்த விறகை மட்டும், கொல்லைப்புறத்துத் திறந்த கொட்டகையில் எரியுங்கள். முந்தானையால் மூக்கை மூடுவது இத்துகள்களைத் தடுக்காது. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால், அடுப்பு எரியும் வேளையில் அவர்களை முகப்பிலேயே விளையாட விடுங்கள்; பிள்ளைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால், அதே புகையில் அவர்கள் தம் எடைக்கு நம்மைவிட அதிகமாக உள்வாங்குவார்கள்.