அடித்த பிறகும் தெரியும் வரி

கேள்வி: எனக்கு வயது 46. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை நான்கு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை ஒரு படுக்கைப்புண்கூட வரவிடவில்லை. சென்ற மாதம் ஒரு நள்ளிரவில், மூன்றாவது முறையாக எழுந்து விரிப்பை மாற்றும்போது, ‘இந்த மூச்சு நின்றுவிட்டால் தேவலை’ என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அதன்பின் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. கோயிலில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டும் அந்த நினைப்பு போகவில்லை. பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் தங்கையைக் கண்டாலே ஆத்திரம் வருகிறது. நான் அவ்வளவு கெட்டவளா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர், சென்னை.

பதில்: இல்லை, சகோதரி. படுக்கையில் இருப்பவருக்குப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதை நான்கு ஆண்டுகளாகத் தனியாளாகச் செய்திருக்கிறீர்கள் என்றால், இத்தனை நாளில் ஓர் இரவுகூட நீங்கள் முழுதாகத் தூங்கியிருக்க முடியாது. அந்த நினைப்பு வந்தது அப்படிப்பட்ட ஓர் உடம்பிலிருந்து என்பதை முதலில் மனத்தில் வையுங்கள்.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் இதையே ஒரு சோதனையாகச் செய்து பார்த்தார். வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. உங்கள் வேண்டுதல் பலிக்காமல் போனதற்கு உங்கள் பக்தியில் குறை காண வேண்டியதில்லை. அடக்க அடக்கத் திமிறுவது மனத்தின் இயல்பு.

குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த ஆங்கிலேயர் டொனால்ட் வின்னிகாட், 1949-இல் வெளியான ஒரு கட்டுரையில், ஒரு தாய் தன் குழந்தையை வெறுப்பதற்கான 18 காரணங்களை வரிசையாக எழுதினார். அந்த வெறுப்பை உணர்ந்தபடியே, அதன் பேரில் ஒன்றும் செய்யாமல் குழந்தையைக் காப்பதைத்தான் அவர் தாயின் அரிய ஆற்றலாகக் கண்டார். உங்கள் வீட்டில் இப்போது அம்மாதான் குழந்தை. என் தந்தை மருத்துவமனையில் இருந்த கடைசி வாரங்களில், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடி, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நானும் நினைத்திருக்கிறேன். அதை என் மனைவியிடம் சொல்வதற்கே எனக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. கேட்டுவிட்டு, “எனக்கும் அப்படித்தான் இருந்தது” என்றார்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைப் பேனாவால் இருமுறை அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிகிறது: ‘அவளைப் போல நானும் போயிருக்கலாம்.’ நம்முடையது என்று ஒப்புக்கொள்ள முடியாமல் நாம் ஒதுக்கிவைக்கும் பகுதியைச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் ‘நிழல்’ என்றார். அதை நாம் பெரும்பாலும் அடுத்தவர் முகத்தில்தான் பார்க்கிறோம் என்றும், அந்த முகத்தின்மீது வரும் கோபம் காரணத்தை மீறியதாக இருக்கும் என்றும் விளக்கினார். தங்கை இன்னும் அதிகம் செய்ய வேண்டும் என்ற உங்கள் நியாயம் நியாயம்தான். ஆனால், அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது உங்களுக்கு வரும் ஆத்திரத்தில், நீங்களும் அப்படி இறங்கிப் போக வேண்டும் என்ற ஆசை கலந்திருக்கிறது. ‘மூத்தவள், பொறுப்பானவள்’ என்று சிறு வயதிலிருந்தே பெயர் வாங்கிய பெண்களிடம் இந்த ஆசை வெளியே தலைகாட்டவே அஞ்சும். நிழலில் கிடப்பதெல்லாம் தீயதென்று எண்ணிவிடாதீர்கள்; வாழ வேண்டும் என்ற விருப்பமும் அங்கேதான் பதுங்கியிருக்கிறது.

அந்த வரியை மறுபடி எழுதுங்கள், இம்முறை அடிக்காமல். உங்களைக் கண்டிக்காமல் கேட்கக்கூடிய ஒருவரிடம் அந்த நள்ளிரவைப் பற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அம்மாவைக் கைகள் முரட்டுத்தனமாகக் கையாளத் தொடங்கினாலோ, மருந்தை வேண்டுமென்றே தவறவிடத் தோன்றினாலோ, நீங்களே இல்லாமல் போய்விட்டால் நல்லது என்று பட்டாலோ, ஒரு நாளும் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதை மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

தங்கையிடம் குறை சொல்லிப் பேச்சைத் தொடங்க வேண்டாம். “என்னால் முடியவில்லை, எனக்கு மாதம் இரண்டு இரவு வேண்டும், நீ வந்து அம்மாவுடன் படுத்துக்கொள்” என்று நேராகக் கேளுங்கள். அவள் வரும் இரவுகளில் பக்கத்து அறையில் படுக்காதீர்கள். அம்மாவின் இருமல் காதில் விழாத ஏதாவது ஓர் உறவினர் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.