பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகினால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி இதுதான்: எட்டு வயதான சிறிய குடும்பக் கார். சர்வீஸுக்கு விட்டபோது பின்பக்க இடது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகுகிறது என்றார்களாம். ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா, இரண்டும் வேண்டுமா, தீபாவளி வரை இப்படியே ஓட்டலாமா?

உண்மையாகவே ஒழுகினால் இரண்டையும் மாற்றுங்கள், தீபாவளி வரை தள்ளாதீர்கள். ஆனால் அதற்கு முன் ஒழுகுகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். ஒரே காருக்கு இந்த வேலையை இரண்டு தடவை செய்தவன் நான். முதல் தடவை காசை மிச்சம் பிடித்தேன். அதனால்தான் இரண்டாவது தடவை.

எங்கள் வீடு குளச்சல் பக்கம். கார் 2013 மாடல், பழைய ஹேட்ச்பேக். கோளாறைக் கண்டுபிடித்தது நானும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை, அம்மா. மார்த்தாண்டத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா தூக்குவாளியில் மீன் குழம்பு கொண்டுவருவார். பின்சீட்டில் இடது ஓரம் உட்கார்ந்து, வாளியை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். வருடக்கணக்கில் இதே ஏற்பாடு. ஒரு சொட்டும் சிந்தியதில்லை. அன்றைக்குக் கருங்கல் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினோம். கொஞ்ச தூரம் போன பிறகு அம்மா சொன்னார்: "மக்களே, தடை தாண்டி வந்தாயிற்று, குழம்பு இன்னும் ஆடிக்கொண்டே இருக்கிறதே."

நான் மெதுவாகத்தான் ஓட்டினேன் என்று வாதாடிவிட்டு விட்டுவிட்டேன். அக்கா வீட்டு வாசலில் பார்த்தால் கால்மிதியெல்லாம் குழம்பு. அந்த வாடை போக மூன்று வாரம் ஆனது, அது தனிக் கதை.

அம்மா சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. ஷாக் அப்சார்பர் என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, பள்ளத்தின் குத்தை வாங்குவது டயரும் ஸ்பிரிங்கும்தான். காரின் எடையைத் தாங்குவதும் ஸ்பிரிங்தான். ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் சும்மா நிற்காது, தொட்டில்போல் ஆடும். அந்த ஆட்டத்தை உடனே அடக்குவதற்குத்தான் ஷாக். குழாய்க்குள் ஏறக்குறைய ஒரு டம்ளர் எண்ணெய் இருக்கிறது. அதற்குள் ஒரு பிஸ்டன். கார் ஆடும்போது பிஸ்டனில் உள்ள சின்னச் சின்னத் துவாரங்கள் வழியாக எண்ணெய் திணறித் திணறிப் போக வேண்டும். அந்தத் திணறலில் ஆட்டம் சூடாக மாறி அடங்கிவிடுகிறது. பிஸ்டனின் கம்பி குழாயிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் உண்டு. அது தேய்ந்தால் எண்ணெய் வெளியே வரும், உள்ளே காற்று கலக்கும், எண்ணெய் நுரைக்கும். நுரையில் பிஸ்டனுக்குத் திணற என்ன இருக்கிறது? சும்மா போய்வரும்.

எங்களைப் போன்ற கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. கம்பியை மூடியிருக்கும் தூசி உறை கிழிந்திருந்தால் உப்புக் காற்றும் ஈர மணலும் அந்தப் பளபளப்பான கம்பியில் படும். கம்பியில் துருப்புள்ளி விழுந்தால் அது ஒவ்வொரு தடவையும் சீலை அரத்தால் தேய்ப்பதுபோல் தேய்க்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் வேறு.

இனி உங்கள் காருக்கு வருகிறேன். பட்டறையில் "லீக்" என்று சொன்னால் மூன்று பொருள் இருக்கலாம். ஷாக்கின் மேல்பாதியில் மெல்லிய எண்ணெய்ப் படலமும், அதில் ஒட்டிய தூசியும் மட்டும் இருந்தால் அது வியர்வை. சீல் வறண்டுபோகாமல் இருக்கக் கம்பி கொஞ்சம் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு வரும், அது இயல்பு. அதற்காக ஷாக்கை மாற்றச் சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். எண்ணெய் கோடாக வழிந்து கீழ்ப்பகுதிவரை வந்து, சேறும் எண்ணெயும் கட்டியாக அப்பியிருந்தால் அது ஒழுகல். மூன்றாவது, எண்ணெய் ஷாக்கிலிருந்தே வராமல் இருப்பது. சக்கரத்தின் உள்பக்கம், பிரேக் டிரம் ஓரமாக ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஷாக் பேச்சையே மறந்துவிட்டு முதலில் பிரேக்கைக் கவனியுங்கள். அந்தக் காரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டுகூட வரக் கூடாது.

சந்தேகம் இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. பனியன் வேஸ்ட் துணியால் ஷாக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வழக்கம்போல் ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகு குனிந்து பாருங்கள். மறுபடி வழிந்திருந்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காரின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனையும் உண்டு. அது படுமோசமான ஷாக்கைத்தான் காட்டிக்கொடுக்கும், பாதி போனதைக் காட்டாது. அதைவிட டயரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது மேல். வட்டமாக ஒரு சுற்றுத் தடவும்போது மேடும் பள்ளமுமாக, அலை அலையாகத் தட்டுப்பட்டால், சக்கரம் தரையை விட்டுத் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

என் முதல் தவறுக்கு வருகிறேன். 2021இல் இடது பின்பக்க ஷாக் ஒழுகியது. ஒரு பட்டறையில் "வலது நன்றாக இருக்கிறது, எதற்கு வீண் செலவு" என்றார்கள். எனக்கும் அது தேனாக இருந்தது. ஒரு ஷாக் 1,100 ரூபாய், கூலி 250. முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. தூக்குவாளி அமைதியானது. ஆனால் மழையில் வளைவில் பிரேக் பிடிக்கும்போது காரின் பின்புறம் ஒரு பக்கமாக நகர்வதுபோல ஓர் உணர்வு. ஒரு பக்கம் புது ஷாக் இறுக்கிப் பிடிக்கிறது, மறுபக்கம் பழையது தளர்ந்து விடுகிறது, அவ்வளவுதான் காரணம். நான் டயரைச் சந்தேகப்பட்டேன். காற்றழுத்தத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஆடி மாதம் திருநெல்வேலிக்குப் போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே, கார் படகுபோல அசைந்தது. காற்று எல்லாக் காரையும்தான் தள்ளும். தள்ளிய பிறகு நிமிர எங்கள் காருக்கு மட்டும் நேரம் பிடித்தது.

ஏழு மாதத்தில் அந்தப் புது ஷாக்கும் ஒழுகியது.

இந்தத் தடவை தக்கலை பக்கம் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் போனேன். இரண்டு பையன்கள், ஒரு கொட்டகை, லிஃப்ட்கூடக் கிடையாது. ஏழு மாத ஷாக்கைக் கழற்றி, தூசி உறையைக் கீழே இழுத்துக் கம்பியை என் பக்கம் திருப்பினார். "அண்ணாச்சி, நகத்தை வைத்துத் தடவிப் பாருங்கள்" என்றார். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய கம்பியில் என் கட்டைவிரல் நகம் நாலு இடத்தில் தட்டி நின்றது. வரிசையாகப் பல் தடம். மேல் நட்டை முறுக்கும்போது கம்பியும் சேர்ந்து சுற்றும். சுற்றாமலிருக்கக் கம்பியின் தலையில் ஸ்பேனர் பிடிக்கத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். முன்பு வேலை செய்தவர் அதற்குப் பொறுமையில்லாமல், கம்பியின் நடுவிலேயே பிளையரைப் போட்டுக் கவ்வியிருக்கிறார். அந்தப் பல் தடம் ஏறி இறங்கும்போதெல்லாம் சீலை அறுத்திருக்கிறது. ஷாக் செய்த கம்பெனியை ஏழு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை.

பிறகு பழைய வலது ஷாக்கைக் கழற்றி, நிமிர்த்தி வைத்துக் கையால் அமுக்கச் சொன்னார். ஊசியில்லாத சிரிஞ்ச்போல வழுக்கிக்கொண்டு போய், போன இடத்திலேயே நின்றுவிட்டது. வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. "நன்றாக இருக்கிறது" என்று எனக்குச் சொல்லப்பட்ட ஷாக் அதுதான். புதியதை அமுக்கினால் என் எடை முழுவதையும் போட வேண்டியிருந்தது. கையை எடுத்ததும், உள்ளே வாயு அடைத்தது என்பதால், அவசரமில்லாமல் தானாக எழுந்து வந்தது. இரண்டையும் மாற்றச் சொல்வதற்கு இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இடது பக்கம் கீழ் போல்ட் துருவேறிப் பிடித்துக்கொண்டது. அவர் சுத்தியலைத் தூக்கவில்லை. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, "நாளைக் காலையில் வாருங்கள்" என்றார். மறுநாள் காலை அது முனகிக்கொண்டு கழன்றது.

அவர் செய்த இன்னொரு காரியத்தை நீங்கள் உங்கள் பட்டறையில் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். புது ஷாக்கைப் பொருத்தியதும் கீழ் போல்ட்டைக் கையிறுக்கமாக மட்டும் முறுக்கிவிட்டு, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, கார் தன் எடையில் தரையில் உட்கார்ந்த பிறகுதான் முழு இறுக்கம் கொடுத்தார். ஷாக்கின் கீழ்க் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்குப்பட்டு வேலை செய்வது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் அந்த ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடக்கும். சீக்கிரம் கிழிந்து, பிறகு கடகடவென்று சத்தம் வரும். நீங்கள் புது ஷாக்கையே குறை சொல்வீர்கள்.

செலவு: பின்பக்க ஷாக் இரண்டும் 2,900, தூசி உறை, அடிவாங்கி ரப்பர் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்குவது), மேல் ரப்பர் புஷ் எல்லாம் சேர்த்து 640, கூலி 800. மொத்தம் 4,340 ரூபாய். இது 2022 கணக்கு, உங்கள் மாடலுக்கு மாறும். அந்த 640 ரூபாயில் கை வைக்காதீர்கள். பழைய கிழிந்த உறையைப் புது ஷாக்குக்கு மாட்டுவது, புதுச் சட்டையை அழுக்கு வேட்டிமேல் போடுவதுபோல. எண்ணெய் மாற்றி மறுபடி ஒட்டித் தருகிறேன் என்று யாராவது பாதி விலை சொன்னால் வேண்டாம். இவை பிரித்துப் பூட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. துளைபோட்டு எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். தேய்ந்த சீல் உள்ளே அப்படியே இருக்கும்.

ஒழுகும் ஷாக்கோடு கார் நடுவழியில் நின்றுவிடாது. அதனால்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறோம். புதிய பொருள் வரும்வரை சில நாள் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மெதுவாக ஓட்டுவதில் தவறில்லை. குடும்பத்தோடு, டிக்கி நிறையச் சாமானோடு, மழையில் நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகாதீர்கள். சக்கரம் துள்ளும்போது பிரேக் பிடித்தால், தரையில் இல்லாத டயர் எதைப் பிடிக்கும்?

நீங்களே மாற்றலாமா என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக இருக்கும் பின்பக்கம் என்றால், கைவேலை தெரிந்தவர் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். அச்சுக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அச்சு தொங்கி ஸ்பிரிங் நழுவும், பிரேக் ஹோஸ் இழுபடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். முன்பக்கம் வேறு சமாச்சாரம். அங்கே பெரும்பாலான சிறிய கார்களில் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமுக்கி வைக்கப்பட்டிருக்கும். அமுக்கும் கருவி இல்லாமல் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்துவந்து முகத்தைப் பெயர்த்துவிடும். அதைப் பட்டறைக்கே விடுங்கள். முன்பக்க வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். உங்களைப் போலப் பின்பக்கம் மட்டும் மாற்றுபவர்களுக்குப் பெரும்பாலான சிறிய கார்களில் அது தேவைப்படாது. பில்லில் சேர்த்திருந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

பழைய ஷாக்குகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றினார்களா என்பதற்கு அதுவே சாட்சி. கம்பியையும் தடவிப் பார்த்துவிடலாம். பிறகு ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், போட்டுவிடலாம். வாயு அடைத்த ஷாக் என்றால் அதையும் சொல்லிக் கொடுங்கள். அதை வெட்டவோ தீயில் போடவோ கூடாது.