கேள்வி – பதில்: சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது?

கேள்வி: புதுக் கட்டடம் வடிவமைக்கப் போகிற எங்களை ஒரு செமஸ்டர் முழுக்கப் பழைய ஊரை அளக்கச் சொல்கிறார்கள். டேப் பிடித்துப் பிடித்து விரல் காய்த்ததுதான் மிச்சம். இதனால் வேலைக்கு என்ன பிரயோஜனம், ஐயா?
*(கட்டடக்கலை மாணவி, திருநெல்வேலி)*

பதில்: காய்க்கட்டும், அம்மா. 31 வருஷம் ஊர்ப்படம் வரைந்த எனக்கு இன்னும் அந்தத் தழும்பு போகவில்லை.

மதுரையில் தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு லாட்ஜை அளக்கப் போனோம். வெளியே பார்த்தால் ஒரே கட்டடம், முகப்பெல்லாம் ஒரே டைல்ஸ். உள்ளே நடைவழியில் போனால் இரண்டு இடத்தில் கால் தட்டும். ஓரிடத்தில் ஒன்றரை அங்குலம் ஏறும், கொஞ்சம் தள்ளி இறங்கும். கூட வந்த பையன், "கொத்தனார் சொதப்பிட்டார் சார்" என்றான். மனைகளின் எல்லையைக் காட்டும் டவுன் சர்வே படத்தை அங்கேயே தரையில் விரித்தோம். கால் தட்டிய இரண்டு இடமும் சரியாகப் பழைய மனைக்கோட்டில் விழுந்தன. பக்கத்துப் பக்கத்து மூன்று வீடுகளை வாங்கி, நடுவில் இருந்த பொதுச்சுவர்களை இடித்துச் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு மனைக்கும் முகப்பு 14, 15 அடிதான். ஆழம் மட்டும் 90 அடி. திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு என்று நீளமாகப் போகிற வீடுகள். முற்றம்தான் அவற்றுக்கு மூக்கு. லாட்ஜ்காரர் மூன்று முற்றத்துக்கும் கான்கிரீட் போட்டுவிட்டார். பகலிலும் ட்யூப்லைட் எரிகிறது.

சந்தில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். மூன்று வாசல், மூன்று திண்ணை இருந்த 45 அடியில் இப்போது ஒரு கண்ணாடிக் கதவு, மீதி சுவர். முன்பு அந்த இடத்தைக் கடக்கும்போது மூன்று பேராவது நம்மைப் பார்த்திருப்பார்கள்.

எம்.ஆர்.ஜி. கான்ஸன் என்ற புவியியலாளர், பெர்லினில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர், அங்கே வடகோடியில் இருக்கிற ஆனிக் என்ற சின்ன ஊரை மனை மனையாக ஆராய்ந்து 1960-ல் வெளியிட்டார். ஊர்ப்படத்தை அவர் தெரு, மனை, கட்டடம் என்று பிரித்துப் பார்த்தார். கட்டடத்துக்குள் நடக்கிற தொழில் சீக்கிரம் மாறிவிடும், கட்டடம் அதைவிட நிதானமாக மாறும், தெருவும் மனைக்கோடும் லேசில் மாறாது. லாட்ஜில் கால் தட்டியதே, அது இந்த மாறாத சமாச்சாரம்தான். நீங்கள் நாளைக்கு அந்தச் சந்தில் ஒரு கட்டடம் போடும்போது நூறு வருஷத்துத் தூணைக் காப்பி அடிக்க வேண்டாம். 15 அடிக்கு ஒரு வாசல் வையுங்கள், முற்றத்தை மூடாதீர்கள். இந்த 15 அடிக் கணக்கு டேப் பிடித்தவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: மதுரையில் சித்திரை வீதி என்றே ஒரு வீதி இருக்கும்போது, சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது?
*(வாசகர், திண்டுக்கல்)*

பதில்: மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில்தான் நடந்தன. அழகர் திருவிழாவோடு சேர்ப்பதற்காகத் திருமலை நாயக்கர் அவற்றைச் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். மாதம்தான் மாறியது, தேர் தன் பாதையை விடவில்லை. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, அப்புறம் ஆவணி மூலம், அப்புறம் மாசி என்று ஒன்றைச் சுற்றி ஒன்று. பாடப்படத்தில் சதுரமாகப் போடுகிறார்கள். நடந்து பாருங்கள், வெளியே போகப் போகக் கோணல் தெரியும்.

வடம் பிடிப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் மூலையில் நின்று, தேர்ச் சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போடுபவரைப் பார்ப்பேன். அத்தனை பெரிய தேரை ஒரு மரத்துண்டு திருப்புகிறது. அது திரும்ப மூலையில் இடம் வேண்டும். அந்த வீதியில் சன்ஷேடை இஷ்டத்துக்கு நீட்டினால் வருஷத்தில் ஒரு நாள் கணக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: கீழவாசல், தெற்குவாசல் என்கிறார்கள். வாசலையே காணோமே?
*(வாசகி, சிவகாசி)*

பதில்: மதுரையைச் சுற்றி இருந்த கோட்டை போனது, கூடவே வாசலும் போனது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதில்களை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். வேலையை மேற்பார்வை பார்த்தவர்களின் பேரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும். கலெக்டருக்கு நினைவாக விளக்குத்தூண். மதிலும் அகழியும் இருந்த வளையத்தின் வெளி விளிம்பில் இன்று வெளி வீதிகள்.

இப்படி ஊர் விளிம்பில் ஒரு வளையம் காலியாகக் கிடைத்தால், நெருக்கமான ஊருக்குள் இடமில்லாத பெரிய பெரிய விஷயங்கள் அங்கே வந்து உட்காரும். மேல வெளி வீதியில் போய் நில்லுங்கள். எதிரே ரயில் நிலையம், கொஞ்சம் தள்ளிப் பெரியார் பஸ் ஸ்டாண்ட். பல ஊர்களில் இதே கதைதான். சின்ன மனைகளை இடிக்காமல் பெரிய கட்டடத்துக்கு எங்கே இடம் தேடலாம் என்று கேட்கிறவர்களை நான் முதலில் இந்த வளையத்தைப் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி போதாதா?
*(வாசகர், மதுரை)*

பதில்: கோபுரம் தெரிவதற்குப் போதும், அதுவும் விதியை மதித்தால். சந்துக்குப் போதாது. நான் சொன்ன லாட்ஜ் 9 மீட்டரைத் தாண்டவில்லை. நானே உச்சி வரை டேப் விட்டுப் பார்த்தேன்.