போகிமான் எமரால்டு: பேட்டரி மாத்துனா சேவ் நிக்குமா?

செகண்ட் ஹேண்ட்ல வாங்குன போகிமான் எமரால்டு கேம் கார்ட்ரிட்ஜ்ல, ஆஃப் பண்ணா சேவ் (விளையாடின இடத்தோட பதிவு) அழிஞ்சு போகுது, பேட்டரி மாத்துனா சரியாகும்னு செல்லர் சொல்றாராம். ஆனா அது இதுக்கு தீர்வே இல்ல. ஒரிஜினல் ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸ்) எமரால்டுல சேவ் ஃப்ளாஷ் மெமரில, அதாவது கரண்ட் இல்லாமயே அழியாத சிப்புல இருக்கும், பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், அது செத்தா ஆரம்பத்துலயே ஒரு மெசேஜ் வரும், கேம்ல நட்ட பெர்ரி வளர்றது மாதிரி கடிகாரத்த நம்பின விஷயங்கள் நடக்காது, அவ்ளோதான்.

ஆஃப் பண்ணி வச்சா மறுநாள் சேவ் காணோம்னா அநேகமா டூப்ளிகேட், அதுல சேவ் டேட்டாவையே பேட்டரிய நம்பி எஸ்ரேம்ல (கரண்ட் போனா அழியுற மெமரி) வச்சிருப்பாங்க.

ஒரிஜினலான்னு பாக்க, கார்ட்ரிட்ஜ் லேபிள வெளிச்சத்துல சாய்ச்சு பாருங்க, ரெண்டு இலக்க நம்பர் லேசா அழுத்தின தடமா தெரியணும் (இப்ப அதையும் காப்பி அடிக்கிறானுங்க, படுபாவிங்க). கீழ இருக்குற உலோக பின்னுங்களுக்கு மேல, சர்க்யூட் போர்டுல நிண்டெண்டோ பேரு இருக்கணும்.

சந்தேகம்னா ட்ரை-விங் (மூணு முனை) ஸ்க்ரூடிரைவர்ல திறந்து போர்டு போட்டோ போடுங்க. ஆனா முதல்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல அந்த உலோக பின்னுங்கள துடைங்க, அழுக்குனாலயும் ஒரிஜினல்லயே சேவ் எரர் வரும்.