ரம் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள்

கேள்வி: என் மைத்துனர் அடுத்த மாதம் துபாயிலிருந்து ஊருக்கு வருகிறார். திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் எனக்கு ரம் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாய் தாய் போன்ற டிகி காக்டெயில்களை, அதாவது ரம்மோடு பழச்சாறும் பாகும் கலக்கும் தீவுப் பாணிப் பானங்களை, வீட்டில் செய்து பார்க்க ஆசை. ஒயிட், கோல்டு, டார்க் ஆகியவற்றில் எதை வாங்கச் சொல்வது? இங்கே கிடைக்கும் ஓல்டு மாங்க் போதாதா? – வாசகர், தக்கலை

பதில்: நிறத்தை நம்பி ரம் வாங்கவே வாங்காதீர்கள். கருமைக்குப் பல நேரங்களில் கேரமல் நிறமிதான் காரணம். மரப்பீப்பாயில் சில ஆண்டுகள் கிடந்த ரம்மைக் கரியில் வடிகட்டி, நிறம் போக்கி, ஒயிட் என்று விற்பதும் உண்டு. புட்டியில் நாட்டின் பெயர், வயது, ஆல்கஹால் அளவு ஆகிய மூன்றையும் தேடச் சொல்லுங்கள்.

டிகி பானங்களுக்கு முதல் புட்டி ஜமைக்கா ரம்மாக இருக்கட்டும். மாய் தாய் 1944இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில், 'டிரேடர் விக்' என்ற பெர்ஜரோன் 17 ஆண்டுப் பழமையான ஜமைக்கா ரம்மை வைத்து உருவாக்கிய பானம். ஜமைக்காவில், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகான மொலாசஸை நீண்ட நாள் புளிக்கவிட்டு, செப்புப் பானைகளில் வடிக்கும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மூடியைத் திறந்ததும், தோல் கருக்கும் வரை கனிந்த ஏத்தன் பழத்தின் வாசனை வரும். எலுமிச்சைச் சாறு, பாதாம் பாகு, ஆரஞ்சு மதுபானம் எல்லாம் சேர்ந்தாலும் அந்த மணம் அமுங்காது. ஆப்பிள்டன் எஸ்டேட் 8 அல்லது 12 ஆண்டு இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். அந்த எண் புட்டியிலுள்ள மிக இளைய ரம்மின் வயது. 'சோலேரா' என்று போட்டு அருகில் பெரிய எண் அச்சிட்டிருந்தால் அதை வயதென்று எண்ணிக் காசைக் கொட்ட வேண்டாம். இளைய ரம்களும் அதில் கலந்திருக்கும்.

இரண்டாவதாக, கயானாவின் டெமராரா ரம். எல் டொராடோ அந்த வகை. கருக்கிய சர்க்கரையும் லேசான புகையுமாக இருக்கும். ஜமைக்கா ரம்மோடு பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். ரம்களைக் கலப்பதுதான் டிகியின் உயிர்நாடி. மார்ட்டினிக்கின் கரும்புச்சாற்று ரம்மில் பச்சைப்புல் வாசனை தூக்கலாக இருக்கும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புவேர்ட்டோ ரிக்கோவின் மெல்லிய ரம் இந்தப் பானங்களில் தனியாக நிற்காது.

ஓல்டு மாங்கை ஒதுக்க வேண்டாம். அதன் இனிப்பும் வெனிலா மணமும் மாய் தாயில் பாதாமை மறைத்துவிடும் என்பதுதான் குறை. தேங்காய்ப்பாலும் அன்னாசியும் சேரும் பானத்தில் அருமையாகப் பொருந்தும். நம் ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராக விளையும் அன்னாசி இருக்க, டின் சாறு எதற்கு? சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மைத்துனரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: வரியின்றி ஒருவர் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். துபாயிலேயே வாங்குவதானால், 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள புட்டி விமானத்தில் ஏறாது. ஆகவே '151' என்று பெயர் பெற்ற 75.5 சதவீத ரம்மைத் தேடி அலைய வேண்டாம். களியக்காவிளையைத் தாண்டி வீடு வந்து சேரும் வரை ரசீது கையில் இருக்கட்டும்.

கேள்வி: ஃபாலர்னம் என்ற பாகு பல டிகி செய்முறைகளில் வருகிறது. நாகர்கோவிலில் எங்கும் கிடைக்கவில்லையே? – வாசகி, நாகர்கோவில்

பதில்: வீட்டிலேயே செய்துவிடலாம். பார்படோஸ் தீவின் பாகு அது. கிராம்பு, இஞ்சி, எலுமிச்சைத் தோல், பாதாம், சர்க்கரை, ரம் இவைதான் சேர்மானம். புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பு நம் மலைகளிலேயே விளைகிறது. அதை வெறும் சட்டியில் வாசனை எழும் வரை வறுத்து, மற்ற சேர்மானங்களோடு ரம்மில் ஓர் இரவு ஊறவிட்டு, வடிகட்டிச் சர்க்கரைப் பாகில் சேருங்கள். எலுமிச்சைத் தோலின் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.