சன்னலடியில் சிறுநீர் பீய்ச்சும் பூனை: அது எதற்கு அஞ்சுகிறது?

கேள்வி: தக்கலைக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். எங்கள் கடுவன் பூனைக்கு மூன்று வயது. ஒன்றரை வயதில் கருத்தடை அறுவை செய்துவிட்டோம். பயந்த சுபாவம் உள்ளது. யாராவது வந்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். ஆனாலும் வீட்டை ஒருநாளும் அசுத்தம் செய்ததில்லை. ஆனி மாத மழை தொடங்கியதிலிருந்து முன்னறைச் சன்னலின் கீழுள்ள சுவரிலும் பின்வாசல் கதவிலும் மகனின் பள்ளிப் பையிலும் சிறுநீர் பீய்ச்சுகிறது. அடித்தும் பார்த்தோம், பினாயில் ஊற்றிக் கழுவியும் பார்த்தோம், நிற்கவில்லை. குளச்சலில் மீன் இறங்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்படி மாமியார் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அடிப்பதை நிறுத்துங்கள். உங்கள் பூனை யாரையும் பழிவாங்கவில்லை. பயந்த பூனை தன் மணத்தையே தன்னைச் சுற்றி வேலியாகக் கட்டிக்கொள்கிறது. அடி வாங்கினால் அச்சம் கூடும், அச்சம் கூடினால் வேலியும் நீளும். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அது பீய்ச்சுவதாக நீங்கள் குறிப்பிட்ட மூன்று இடங்கள்தான். அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் நோய் இருக்கிறதா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பீய்ச்சும் பூனை உட்காராது. சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை நேராகத் தூக்கி, வால் நுனி நடுங்க, பின்னங்கால்களை மாறி மாறி மிதித்தபடி, சிறிதளவு சிறுநீரைச் சுவரில் தெளிக்கும். குந்தி உட்கார்ந்து தரையில் குளமாக விட்டால் அது வேறு சிக்கல். மணல் தட்டிலோ சிறுநீர்ப்பையிலோ காரணம் இருக்கும். உங்கள் பூனை முதல் வகை என்றே தெரிகிறது. இருந்தாலும் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள், ஏனென்றால் பீய்ச்சும் பூனைகளிலும் சிலவற்றுக்குச் சிறுநீர்ப்பையில் அழற்சி இருப்பதுண்டு. கடுவன் பூனை அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால், அல்லது முனகியபடி அடிப்பகுதியை நக்கிக்கொண்டே இருந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். சிறுநீர்க் குழாய் அடைபட்ட பூனை ஓரிரு நாளில் இறந்துவிடக்கூடும்.

கருத்தடை செய்த பூனை பீய்ச்சுமா என்று பலரும் கேட்கிறார்கள். செய்யும். பருவமெய்துவதற்கு முன்பே அறுவை செய்த கடுவன்களிலும் ஏறத்தாழ 10-ல் 1 வளர்ந்தபின் பீய்ச்சுகிறது. பெட்டைகளில் அது 20-ல் 1. அறுவையில் ஒரு விதை (விந்துச் சுரப்பி) வயிற்றுக்குள்ளேயே தங்கிப்போயிருந்தால் ஆண் ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும். கடுவனின் ஆண்குறியில் இருக்கும் சிறு முட்கள் அறுவைக்குப் பின் சில வாரங்களில் மறைந்துவிடும் என்பதால், அவை இன்னும் இருக்கின்றனவா என்று பார்த்தே மருத்துவர் ஓரளவு சொல்லிவிடுவார். உங்கள் பூனை ஒன்றரை ஆண்டு ஒழுங்காக இருந்து இந்த மழைக்காலத்தில்தான் தொடங்கியிருக்கிறது. ஆகவே நான் ஹார்மோனைவிட அச்சத்தையே சந்தேகிக்கிறேன்.

இப்போது அந்த இடங்களுக்கு வருவோம். பூனை கதவையும் சன்னலையும் ஒட்டிப் பீய்ச்சினால் அச்சம் வெளியிலிருந்து வருகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. அந்த நாட்களில் தெருப்பூனைகள் நனையாமல் ஒதுங்க நம் சிட்அவுட்டையும் கார் நிறுத்தும் இடத்தையும் தேடி வருகின்றன. பயந்த பூனையோ மழைக்காக வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தன் எல்லையில் படுத்திருக்கும் முரட்டுக் கடுவனைப் பார்த்தபடி நாளைக் கழிக்கிறது. நாளை காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், அந்தச் சன்னலின் கீழ் மழை படாத வெளிச்சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்குடன் கோடு கோடாக வழிந்த தடம் இருந்தால், அது வெளிப் பூனையின் கையெழுத்து. உள்ளே உங்கள் பூனை எழுதியிருப்பது அதற்கான பதில்.

வெளிப் பூனைகள் வருவதற்கு நம் வீடுகளில் இன்னொரு காரணமும் இருக்கிறது. வாசலுக்கு வரும் மீன்காரம்மாவிடம் சாளையோ நெத்திலியோ வாங்கி, பின்வாசலில் வைத்து வெட்டி, தலையையும் குடலையும் தென்னைமூட்டில் போடுவது நமக்குத் தலைமுறைப் பழக்கம். மரத்துக்கு அது நல்ல உரம்தான். ஆனால் அதே இடம் நாலு தெருக் கடுவன்கள் தினமும் கூடிச் சண்டையிடும் களமாகவும் ஆகிவிடுகிறது. உங்கள் பின்வாசல் கதவு அதிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மீன் கழிவை வீட்டிலிருந்து தள்ளி, ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி மண்ணிட்டு மூடி, மேலே ஒரு கல்லையும் வையுங்கள். சன்னலின் கீழ்ப் பாதிக் கண்ணாடியில் வெளிச்சம் வரும்படியும் உருவம் தெரியாதபடியும் பால்நிறத் தாளை ஒட்டுங்கள். நான் முதலில் சொல்லும் மருந்து இவை இரண்டும்தான்.

பள்ளிப் பையின் கதை வேறு. வெளியிலிருந்து புது மணத்தோடு வருகிற பொருளைப் பயந்த பூனை தன் மணத்தால் மூடப் பார்க்கும். குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டில், பூனை வேறெதையும் தொடாமல் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) சுமந்துவரும் சாக்கில் மட்டும் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அந்தச் சாக்கை வீட்டுக்கு வெளியே கொட்டகையில் வைக்கத் தொடங்கியதும் பத்து நாளில் அது நின்றுபோனதை நானே பார்த்திருக்கிறேன். பையை வாசலுக்கருகே உயரமான ஆணியில் மாட்டுங்கள். செருப்பையும் உள்ளே கொண்டுவர வேண்டாம்.

கழுவும் முறையில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. பூனையின் சிறுநீரில் கந்தகம் அடங்கிய பெலினின் என்ற அமினோ அமிலம் உண்டு. அது சிதையச் சிதையத்தான் அந்தக் கடுமையான வீச்சம் எழுகிறது. நம் மூக்குக்குத் தெரியாத அளவுக்குக் கழுவிய பிறகும் பூனைக்கு அது தெரியும், தன் மணம் மங்குகிறது என்று மீண்டும் புதுப்பிக்கும். பினாயிலும் டெட்டாலும் இதைத் தீர்ப்பதில்லை, அவற்றால் ஆபத்தும் உண்டு. பீனால் வகைப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போய்விடும். அம்மோனியா கலந்த திரவம் பூனைக்குச் சிறுநீர் போலவே மணக்கும். பிளீச்சிங் பவுடர் சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சடைக்கும் வாயு கிளம்பும். அந்துருண்டையைப் போட்டு விரட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நஞ்சுதான், தயவுசெய்து வேண்டாம்.

நொதி (என்சைம்) கலந்த துணி துவைக்கும் தூள் ஒரு பங்குக்கு வெதுவெதுப்பான நீர் ஒன்பது பங்கு சேர்த்துக் கறை இருந்த இடத்தையும் அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்தையும் துடைத்து, நல்ல நீரால் கழுவி, மின்விசிறியை வைத்து முழுவதும் உலர்த்துங்கள். பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள். சாயம் போகிறதா என்று ஓரத்தில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால் அங்கே இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் மறைந்திருக்கும் தடங்களும் மங்கலாக ஒளிரும்.

இடம் காய்ந்த பிறகு இன்னொன்று செய்து பாருங்கள். பூனை கன்னத்தால் உரசும் மணமும் அது பீய்ச்சும் சிறுநீரும் ஒரே இடத்தில் அரிதாகவே சேரும். மென்மையான பருத்தித் துணியால் அதன் கன்னத்தை அன்றாடம் மெதுவாகத் தடவி, அந்தத் துணியை அதன் மூக்கின் உயரத்துக்குச் சுவரில் தேயுங்கள். அதே இடத்தில் உணவுத் தட்டை வைப்பதும் பல பூனைகளிடம் பலிக்கிறது. இந்தக் கன்ன மணத்தைப் போலச் செயற்கையாகத் தயாரித்த பொருள் விற்பனையில் இருக்கிறது; துணைக்கு நல்லது, ஆனால் வெளிக் கடுவன் சன்னலில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் அது மட்டும் போதாது.

பயந்த பூனைக்கு ஒளிய ஓர் இடமும், ஏறி உட்கார ஓர் உயரமும் வேண்டும். கட்டிலடியிலிருந்து அதை இழுத்து வெளியே எடுக்காதீர்கள். பரணிலோ அலமாரியின் மேலோ பழைய துண்டை விரித்துவிடுங்கள். இருபக்கமும் வழியுள்ள அட்டைப்பெட்டி ஒன்றும் போதும். மணல் தட்டு ஒரு பூனைக்கு இரண்டு வேண்டும், அவற்றை வேறு வேறு இடங்களில் வையுங்கள். தும்பு ஆலைகளில் கிடைக்கும் தென்னைநார்த் தூளைச் சலித்து உலர்த்திப் போட்டால் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். மழைக்காலத்தில் அது பூசணம் பிடிக்காதபடி வாரம் ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள்.

இவற்றுக்கும் நிற்காவிட்டால் மருந்து உண்டு. மனப்பதற்றத்துக்கு மனிதர்களுக்குக் கொடுக்கும் புளூவாக்சடின் போன்ற மருந்துகளைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தருவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வீட்டிலிருக்கும் எந்த மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. பாரசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

உங்கள் மாமியாரின் சலிப்பு எனக்குப் புரிகிறது. அந்த வீச்சத்தோடு வாழ்வது எளிதல்ல. ஆனால் கட்டிலடியில் ஒளியும் பூனை குளச்சலில் மீன் தின்று பிழைத்துக்கொள்ளாது. அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் கடுவன்கள் அதை அண்டவிடமாட்டா. வளர்த்த பிராணியைப் பட்டினியால் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். அவரிடம் இரண்டு மாத அவகாசம் கேளுங்கள்.

இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில், பீய்ச்சிய நாள், நேரம், இடம், அதற்குச் சற்று முன் வீட்டில் நடந்தது, வெளியே பூனை தெரிந்ததா என்பவற்றை எழுதத் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து அதையும் எடுத்துக்கொண்டு, பூனையை மூடியுள்ள கூடையில் அது படுக்கும் துண்டோடு வைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்தி, நாகர்கோவிலிலோ உங்கள் ஊருக்குப் பக்கத்திலோ உள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நாய்கள் காத்திருக்கும் திண்ணையில் கூடையைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்திருங்கள்.